சடைக் கணக்குக்கு எந்த எழுத்துமுறை: ஆர்ட்டினா, பர்மன்–கோ–லீயா?

மூன்று கால் பின்னல் போடும்போது கை என்ன செய்கிறது? இடது காலை நடுக்காலுக்கு மேலே கொண்டுவருகிறது, அப்புறம் வலது காலை நடுக்காலுக்கு மேலே கொண்டுவருகிறது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் சடை நீள்கிறது. 1925-இல் ஹாம்பர்க்கில் இருந்த எமில் ஆர்ட்டின் இதைத்தான் இயற்கணிதமாக்கினார். அவர் கட்டுரைக்கு வைத்த ஜெர்மன் தலைப்புக்கே 'சடைகளின் கோட்பாடு' என்றுதான் பொருள். ஒரு பின்னலின் கீழே இன்னொன்றைத் தொடுப்பது பெருக்கல். பின்னாமல் தொங்கும் கால்கள் சமனி உறுப்பு. போட்ட வழியே அவிழ்ப்பது எதிர்மறை உறுப்பு. இப்படிப் பெருக்கலும் சமனியும் எதிர்மறையும் அமைந்த தொகுப்பைக் குலம் என்பார்கள். பின்னல் குலம் கிடைத்துவிட்டது.

இதில் முதல் கேள்வி, இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதிய பின்னல்கள் ஒன்றுதானா என்பது. சொல் சிக்கல் என்று இதைச் சொல்வார்கள். இதற்கு இரண்டு எழுத்துமுறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டிலும் நிறையக் கணக்குப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எது எங்கே உதவும் என்று சொல்கிறேன்.

முதலாவது, ஆர்ட்டினுடைய பழைய முறை. அடுத்தடுத்த கால்கள் மட்டும் குறுக்கிடும். மூன்று காலுக்கு இரண்டே எழுத்து போதும்: க என்பது முதல் இரண்டு கால்களின் குறுக்கீடு, ச என்பது கடைசி இரண்டின் குறுக்கீடு. விதியும் ஒன்றுதான்: க·ச·க = ச·க·ச. நான்கு காலிலிருந்து, தள்ளி நிற்கும் குறுக்கீடுகளை எந்த வரிசையிலும் போடலாம் என்ற விதியும் சேரும். 1969-இல் கார்சைடு இதில் ஒரு சாவியைக் கண்டார். கால்கள் எல்லாவற்றையும் பட்டையாகப் பிடித்து அரைச் சுற்று திருப்பினால் வருவது அரை முறுக்கு. அதை அ என்போம்; மூன்று காலுக்கு அ = க·ச·க. எந்தப் பின்னலையும் அ-வின் ஏதோ ஓர் அடுக்கு, அதன் பின்னால் எதிர்மறையே இல்லாத ஒரு சொல் என்று எழுதிவிடலாம். அந்தச் சொல்லை ஒழுங்காகத் துண்டு போட்டால் ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் வரும். அதுதான் ஒழுங்கு வடிவம்.

இரண்டாவது, 1998-இல் ஜோன் பர்மன், கி ஹியோங் கோ, சாங் ஜின் லீ மூவரும் கொடுத்த முறை. கால்களை வரிசையாக நிறுத்தாமல் வட்டமாக நிறுத்துகிறார்கள். அப்போது எந்த இரண்டு காலும் நேரே குறுக்கிடலாம். மூன்று காலுக்கு ட = ச·க·ச⁻¹ என்ற மூன்றாவது எழுத்து வருகிறது (ச⁻¹ என்பது ச-வின் எதிர்மறை); அது முதல் காலும் மூன்றாம் காலும் குறுக்கிடுவது. அரை முறுக்கின் இடத்தில் ஒரு சுழற்சி வருகிறது, சு = ச·க = க·ட = ட·ச. மூன்று எழுத்துகளும் ஒன்றையொன்று துரத்தும் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சரி, சடையையே இரண்டிலும் எழுதிப் பார்ப்போம். பின்னலின் ஒரு சுற்று க·ச⁻¹. பழைய முறையில் அ = ச·க·ச என்பதால் ச⁻¹ = அ⁻¹·ச·க. அ⁻¹-ஐ இடப்பக்கம் நகர்த்தினால், அது தாண்டும் க, ச ஆகும். ச, க ஆகும். ஆக ஒரு சுற்று அ⁻¹·ச·ச·க. புதிய முறையில் ச⁻¹ = சு⁻¹·ட. சு⁻¹ இடப்பக்கம் நகரும்போது க, ட ஆகும். ட, ச ஆகும். ச, க ஆகும். ஒரு சுற்று சு⁻¹·ட² என்று முடிகிறது.

மூன்று சுற்றுப் போட்டால் கால்கள் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். பழைய முறையில் கிடைப்பது அ⁻³·ச²·க³·ச³·க. கணக்கு சரிதான், ஆனால் அதைப் பார்த்து எதுவும் புரியாது. புதிய முறையில் கிடைப்பது சு⁻³·க²·ச²·ட². இதை நிதானமாகப் படியுங்கள். க², ச², ட² ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் கால்கள் ஒன்றையொன்று முழுதாகச் சுற்றுவது. சு³ என்பது எல்லாக் கால்களும் சேர்ந்து போடும் முழு முறுக்கு. குலத்தில் எல்லா உறுப்புகளோடும் இடம் மாறக்கூடியது அது. அந்த முழு முறுக்கு க²·ட²·ச² என்பதற்குச் சமம். அதாவது சடையில் இருப்பது க²·ச²·ட², அதிலிருந்து கழிவது க²·ட²·ச². வரிசை மட்டும்தான் வேறு! கழித்தால் மிஞ்சுவது ச⁻²·ட⁻²·ச²·ட², அசல் பரிமாற்றி, அதாவது இரண்டு உறுப்புகளின் வரிசை மாறுவதால் வரும் வித்தியாசம். ச², ட² இரண்டும் பரிமாற்றுப் பண்பு உடையவையாக இருந்திருந்தால் மூன்று சுற்றுச் சடை தானாக அவிழ்ந்திருக்கும். எந்த ஒரு காலை உருவினாலும் ச² அல்லது ட² சமனியாகிவிடும், பரிமாற்றி சரிந்துவிடும், மற்ற இரண்டு கால்களும் பிரிந்து தொங்கும். மேல் முனைகளைக் கீழ் முனைகளோடு இணைத்தால் வருவது போரோமியன் வளையங்கள் (எந்த இரண்டும் தனியே கோக்காமல், மூன்றும் சேர்ந்து மட்டும் பிணைந்தவை) என்பதும் இதனால்தான்.

இந்த ஒரு கணக்குக்காகவே நான் புதிய முறையின் பக்கம் சாய்ந்தேன். எண்ணிக்கையும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஒழுங்கு வடிவத்தில் வரக்கூடிய துண்டுகள் பழைய முறையில் கால்களின் வரிசைமாற்றங்கள் அத்தனை: 4 காலுக்கு 24, 10 காலுக்கு 36,28,800. புதிய முறையில் அவை கேட்டலன் எண்கள்: 4 காலுக்கு 14, 10 காலுக்கு 16,796. 10 காலுக்கு எழுத்துகள் என்னவோ 9-இலிருந்து 45 ஆகக் கூடுகின்றன, அது பெரிய சுமையில்லை. கணினியில் இரண்டு முறைக்கும் நேரம் சொல்லின் நீளத்தின் வர்க்கமாகவே வளர்கிறது. கால்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் ஒரு மடக்கைக் காரணி மட்டும் புதிய முறையில் உதிர்ந்துவிடுகிறது.

பின்னல் குலத்தை விட்டு வெளியே போனால் இடைவெளி இன்னும் விரியும். கார்சைடின் வழி, க·ச·க = ச·க·ச போன்ற விதிகளால் ஆன ஆர்ட்டின் குலங்கள் என்ற பெரிய குடும்பத்துக்கும் பொருந்தும் என்று 1972-இல் பிரீஸ்கோர்ன்–சாய்ட்டோவும் டெலீனும் காட்டினார்கள். கீழே இருக்கும் காக்ஸ்டர் குலம் (எந்த எழுத்தையும் இருமுறை போட்டால் சமனி என்று வைத்தால் கிடைப்பது) முடிவுள்ளதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2003-இல் பெசிஸ் புதிய முறையையும் அந்தக் குடும்பம் முழுவதற்கும் கொண்டுபோனார். அந்தக் குடும்பத்தில் ஒன்றான ஈ₈ வகைக்குப் பழைய முறையில் 69,67,29,600 துண்டுகள். புதிய முறையில் 25,080.

ஆனாலும் பழைய முறையைத் தள்ளிவைக்க மாட்டேன். தாளில் வரைந்த பின்னலை அப்படியே மேலிருந்து கீழாகப் படித்து எழுத அதுதான் வசதி. முதன்முதலாகக் கற்பவருக்கு நான் அதைத்தான் காட்டுவேன். இன்னொரு பலம் ஆழமானது. எந்த ஆர்ட்டின் குலமானாலும் எதிர்மறை இல்லாத சொற்களை மட்டும் தனியாக எடுத்தால், அவை குலத்துக்குள் எதுவும் கலையாமல் அப்படியே உட்காரும்; 2002-இல் லூயிஸ் பாரிஸ் இதை நிறுவினார். புதிய முறைக்கு இப்படிப்பட்ட பொது உத்தரவாதம் கிடையாது. அதோடு, அதில் தொடங்கும்போதே ஒரு காக்ஸ்டர் உறுப்பை, அதாவது எல்லா எழுத்துகளையும் ஒவ்வொரு முறை பெருக்கி வரும் சுழற்சியை, தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

காக்ஸ்டர் குலம் முடிவிலியானால் அரை முறுக்கு என்று ஒன்றே இருக்காது. கார்சைடின் சாவி அங்கே கையை விட்டுப் போகிறது. சுழற்சிக்கு அந்தத் தடையில்லை. அதனால் காக்ஸ்டர் குலம் யூக்ளிடிய வெளியின் கண்ணாடிப் பிரதிபலிப்புகளால் ஆன முடிவிலிக் குலமாக அமையும் யூக்ளிடிய வகைகளில் புதிய முறையை முயன்றார்கள். சில வகைகளில் அது நேராகவே பலித்தது. மற்றவற்றில் துண்டுகளுக்கிடையே மீச்சிறு பொது மடங்கு ஒன்றே ஒன்றாக அமையாமல் முறை உடைந்தது. மெக்கம்மண்டும் சல்வேயும் குலத்தையே கொஞ்சம் பெரிதாக்கி அந்த உடைசலைச் சரிசெய்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த வேலையால் யூக்ளிடிய ஆர்ட்டின் குலங்கள் அனைத்துக்கும் சொல் சிக்கல் தீர்ந்தது. 2021-இல் பவோலினியும் சால்வெட்டியும் அதே பாதையில் போய், இந்தக் குலங்களின் வடிவியலைப் பற்றிய பழைய ஊகம் ஒன்றையும் நிறுவினார்கள்.

வெறுமனே 'இது சமனியா, இல்லையா' என்று மட்டும் தெரிய வேண்டுமானால், 1997-இல் தெஓர்னுவா கொடுத்த, சொல்லைத் துண்டு துண்டாக மாற்றி எழுதிக்கொண்டே போகும் கைப்பிடி ஒடுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் அது மிக வேகம். ஆனால் அது ஒழுங்கு வடிவம் தராது, மேலே பார்த்த பரிமாற்றி போன்ற எதையும் காட்டாது.

யூக்ளிடிய எல்லையையும் தாண்டி, எல்லா ஆர்ட்டின் குலங்களுக்கும் சேர்த்துச் சொல் சிக்கலைத் தீர்க்கும் வழி இரண்டு முறையிலும் இதுவரை இல்லை.