ஷொய்பிளேயா, மெர்ட்ஸா: யாரை முதலில் படிப்பது?

ஜெர்மனியின் பழமைவாதக் கட்சியான சிடியூவைப் புரிந்துகொள்ள யாரிடமிருந்து தொடங்குவது என்று குழம்புபவர்களுக்காக. வொல்ஃப்காங் ஷொய்பிளே, ஃப்ரீட்ரிக் மெர்ட்ஸ்: இருவரும் அந்தக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர்கள், சட்டம் படித்தவர்கள்.

சட்டத் தொழில்
ஷொய்பிளே: முனைவர் பட்டம், வரித்துறை வேலை, கொஞ்ச காலம் வழக்கறிஞர்.
மெர்ட்ஸ்: சிறிது காலம் நீதிபதி; அப்புறம் பெருநிறுவன வழக்கறிஞர், அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ராக்கின் ஜெர்மன் பிரிவில் மேற்பார்வைக் குழுத் தலைவர்.

நாடாளுமன்றம்
ஷொய்பிளே: 1972 முதல் 2023இல் இறக்கும்வரை இடைவெளியே இல்லை.
மெர்ட்ஸ்: 2009இல் விலகி, 2021இல் திரும்பினார்.

அடியும் மீட்சியும்
ஷொய்பிளே: 1990 ஆகஸ்டில் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அக்டோபரில் பிரசாரக் கூட்டத்தில் அவர்மேல் துப்பாக்கிச்சூடு. அதன்பின் சக்கர நாற்காலிதான். சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பினார். 2000இல் கட்சி நன்கொடை ஊழல் அவரது கட்சித் தலைமையைப் பறித்தது. அந்தப் பதவி, பின்னாளில் சான்சலரான (ஜெர்மனியின் பிரதமர் போன்ற பதவி) ஆங்கெலா மெர்க்கலுக்குப் போனது.
மெர்ட்ஸ்: 2002இல் அதே மெர்க்கலிடம் நாடாளுமன்றக் குழுத் தலைமையை இழந்தார். கட்சித் தலைமை மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தது.

உச்சம்
ஷொய்பிளே: யூரோ நெருக்கடிக் கால நிதியமைச்சர். கடனில் தத்தளித்த கிரீஸும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம், கிரேக்கர்கள் இன்றும் திட்டுவார்கள்.
மெர்ட்ஸ்: 2025 மே மாதம் சான்சலர், அதுவும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பில்.

ஜெர்மன் இணைப்பும் யூரோவும் புரிய வேண்டுமென்றால் ஷொய்பிளே. இன்றைய செய்தியைத் தொடர மெர்ட்ஸ் போதும். சுவாரசியம்தான் முக்கியம் என்றால், என் ஓட்டு ஷொய்பிளேவுக்கே.