ரேஷன் கடையில் மூன்று நாள்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தேன். மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது. ரேஷன் கடை மட்டும் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றியவர். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, தலை மடக்குவார். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். இப்போது அவர் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது.

முதல் நாள் கட்டைவிரலை வைத்தார், மெஷின் ஏற்கவில்லை. "ஆச்சி, துடைச்சிட்டு நல்லா அழுத்துங்க" என்றார் கடையில் இருந்த பெண். சேலைத் தலைப்பில் துடைத்தார், எண்ணெய்ப் பசைக்காகத் தலைமுடியில் தேய்த்தார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். பின்னால் வரிசை நீண்டது. "கொஞ்சம் ஓரமா நில்லுங்க ஆச்சி." அம்மா பையோடு ஓரமாக நின்றார். அந்தப் பெண் அடுத்த தெரு, சின்ன வயதில் எங்கள் திண்ணையில் விளையாடியவர். ஆனால் இவர் இன்னார் என்று அவர் சொல்லி இனிப் பயனில்லை, மெஷின் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் சர்வர் இல்லை.

பச்சை கார்டையும் மண்ணெண்ணெய் கேனையும் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பிய காலம் நினைவுக்கு வந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் போதும், கொடுத்துவிடுவார்கள். வாங்காத சீனியைக் கார்டில் எழுதியவர்களும் அன்று உண்டு. இன்று பொருள் போட்டதும் மொபைலுக்குச் செய்தி வந்துவிடுகிறது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில். 1989 டிசம்பர் 4 அன்று மக்கள் ஸ்டாசி என்ற ரகசியப் போலீஸின் அலுவலகத்துக்குள் புகுந்து, கோப்புகளை அழிக்க விடாமல் தடுத்த ஊர் அது. அங்கே படிவத்தில் ஒரு கேள்வி கூடினாலும் 'இது எதற்கு?' என்பார்கள். 2021 முதல் குடிமக்களின் அடையாள அட்டைக்கு இரண்டு விரல் ரேகை கட்டாயம்தான், ஆனால் அது அட்டையின் சிப்பில் மட்டுமே இருக்கும். ஆதாரிலோ பத்து விரல், இரண்டு கண், முகம் எல்லாம் ஒரே மையத் தொகுப்பில். அவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாவை அம்மாதான் என்று நிரூபிக்கச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. ரேகை விழாததற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வரிசையில் நிற்கும் ஆச்சிகளுக்கு அதை யார் சொல்வது?

மூன்றாம் நாள் கண் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். புரை ஆபரேஷன் செய்த கண் சேரவில்லை, மற்றது சேர்ந்தது. அரிசியும் பாமாயிலும் கிடைத்தன. அப்புறம்தான் அந்தப் பெண், வர முடியாத முதியவர்கள் வேறொருவரை அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு மதினி பெயரை எழுதி, கையெழுத்துப் போட அம்மாவிடம் நீட்டினேன்.

"நான் நடமாடிட்டுதான இருக்கேன். எனக்கு உள்ளத நானே போய் வாங்கிக்கிடுதேன்."

நான் கிளம்பிய அன்று காலையிலும் படிவம் டிவி மேல் அப்படியே இருந்தது.