ஐந்து வயதுக்காரிக்கு ஒரு செஸ் கம்ப்யூட்டர்: மூன்று வருடம் கழித்து

2022 ஜூலையில் சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக மாறியிருந்தது. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடக்கவிருந்த நேரம். பஸ் பாலத்தில் ஏறியதும் மகள் கேட்டாள்: "அம்மா, இவ்வளோ பெரிய போர்டுல காயெல்லாம் எங்கே?" அவளுக்கு அப்போதுதான் ஐந்து முடிந்திருந்தது. ஆசையைக் கிளப்பியது பாலம், செலவு எனக்கு.

லிசெஸ் போன்ற செயலிகள் இலவசம்தான். ஆனால் போனைக் கையில் கொடுத்தால் செஸ்ஸில் தொடங்கி கார்ட்டூனில் முடியும் என்பது அனுபவம். கையால் தொட்டு நகர்த்துகிற காய் வேண்டும், திரை வேண்டாம் என்று முடிவு செய்தேன். தேட ஆரம்பித்த பிறகுதான் செஸ் கம்ப்யூட்டர் என்ற ஒரே பெயரில் வேறுவேறு சாதனங்கள் விற்கின்றன என்று தெரிந்தது. பெரிய வித்தியாசம், போர்டு நம் காயை எப்படி உணர்கிறது என்பதில்தான். பழைய வகையில், எடுக்கும் கட்டத்தைக் காயின் அடியால் ஒரு அழுத்து, வைக்கும் கட்டத்தில் இன்னொரு அழுத்து. காந்த வகையில் அழுத்த வேண்டாம். கட்டத்தில் ஏதோ ஒரு காய் நிற்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். எந்தக் காய் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு காயையும் அடையாளம் காண்கிற வகையும் உண்டு, விலை எகிறும். போர்டுக்கு அடியில் காந்தம் ஓடி காய் தானாக நகர்கிற வகை பார்க்க அதிசயம். தோழி வீட்டில் பார்த்தோம். குதிரை மற்ற காய்களை இடிக்காமல் சந்து பொந்தில் ஊர்ந்து போவதை மகள் வாய் பிளந்து பார்த்தாள். ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

நான் வாங்கியது அழுத்தும் வகை, பழையது, 3,500 ரூபாய்க்கு. காசு போதாமல்தான் அதை வாங்கினேன். ஆனால் அந்த அழுத்தமே எங்களுக்கு லாபமாகிவிட்டது. சின்ன விரல், கட்டம் கொஞ்சம் கெட்டி. எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று யோசித்து இரண்டு முறை அழுத்த வேண்டும். படபடவென்று காயைத் தள்ளுகிற பழக்கம் வரவேயில்லை. மெஷின் தன் நகர்த்தலைச் சொல்வது ஓரத்து விளக்குகளால், நெடுக்கு வரிசைக்கு ஒரு ஆங்கில எழுத்து, குறுக்கு வரிசைக்கு ஒரு எண்: முதலில் ஈ, 7, அப்புறம் ஈ, 5. அந்தக் காயை நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும். மூன்றாவது வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என் குதிரை எஃப் 3-ல மாட்டிக்கிச்சும்மா" என்றாள். கட்டங்களின் பெயரை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

தப்பாக நகர்த்தினால் மெஷின் கீச்சென்று கத்தும், ஏற்றுக்கொள்ளாது. இதில் முதலில் மாட்டியது என் அப்பா. அவர் சிறுவயதில் ஆடியது நம் ஊர்ப் பழைய முறை: சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். அவர் தாவ, மெஷின் கத்த, "இந்தப் பொட்டிக்கு ஆட்டமே தெரியல" என்று எழுந்து போய்விட்டார். மகள்தான் போய், "தாத்தா, மெஷினோடது அந்த ஊரு ரூல், உங்களோடது நம்ம ஊரு ரூல்" என்று சமாதானம் பண்ணி அழைத்து வந்தாள்.

இனி குறை. விளம்பரத்தில் எளிது முதல் கடினம் வரை எத்தனை நிலைகள் இருக்கின்றன என்று பெரிதாகப் போடுகிறார்கள். அதில் மயங்காதீர்கள். எங்கள் மெஷின் எளிய நிலையில் மனிதர் தவறு செய்வது போலச் செய்வதில்லை. எட்டு நகர்த்தல் ஒழுங்காக ஆடும், ஒன்பதாவதில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். இதனால் ஒரு வருடத்தில் மகள் கற்றுக்கொண்டது, காயைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருந்தால் ராணி தானாக வரும் என்பது. செஸ் வகுப்பில் சேர்த்த முதல் நாள், அவள் வயதுப் பையன் ஒருவன் ராணியைத் தரவில்லை. தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றுவிட்டு வந்து, "அவன் சரியா விளையாடலம்மா" என்று அழுதாள்.

அதற்குப் பிறகு முழு ஆட்டத்தை மெஷினோடு ஆடவிடுவதைக் குறைத்தேன். நாம் விரும்பியபடி காய்களை அடுக்கித் தொடங்கும் வசதி இருந்தது. வாங்கி ஒரு வருடம் அதைத் தொட்டதே இல்லை! அவளுக்கு ராஜாவும் ராணியும், மெஷினுக்கு வெறும் ராஜா. நிலையை உச்சத்தில் வைத்தேன். கொடுக்க எதுவும் இல்லாததால் இங்கே அது முட்டாள்தனம் செய்யாது, நடுவை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பத்து நாள் ஸ்டேல்மேட்டாகவே போனது, அதாவது செக் இல்லாமலே மெஷினின் ராஜாவுக்கு நகர இடம் இல்லாமல் போய் ஆட்டம் டிரா. அப்புறம் பிடித்துக்கொண்டாள். அடுத்து ராஜாவும் யானையும். அதற்கு ஒரு மாதம் ஆனது. அலுக்காமல் ஒரே ஆட்டத்தை முப்பது தடவை ஆட என்னால் முடியாது, அப்பாவாலும் முடியாது. இதற்கு மட்டுமே அந்த 3,500 தகும் என்பேன்.

நகர்த்தலைத் திரும்ப எடுக்கும் பட்டனைப் பற்றி வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. முதலில் அதன்மேல் டேப் ஒட்டினேன், கிழித்துவிட்டாள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று தடவை என்று பேசி முடித்தோம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, "அவரும் மெஷினோடதான் விளையாடினாரா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் அவர் பல ஆண்டுகள் இன்ஜின், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம், அதன் உதவியே இல்லாமல் பயின்றவர் என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க மெஷினை ஆன் பண்ணவில்லை. மறுநாள் பண்ணினாள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். எங்களுடையது நான்கு பென்சில் செல்லில் ஓடுகிறது; செல் தீர்ந்தால் பாதி ஆட்டத்தின் நினைவும் போய்விடும். ஒருமுறை ஜெயிக்கிற நேரத்தில் அப்படிப் போய், அன்று இரவுச் சாப்பாடு நடக்கவில்லை. அடாப்டர் வாங்கினால் வோல்ட் மட்டும் பார்க்காமல், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று மெஷினில் போட்டிருக்கும் படத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பழையதை வாங்கும்போது 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஹெச் வரிசை இப்போது தேய்ந்துவிட்டது, அங்கே யானையை இரண்டு கையால் அழுத்த வேண்டியிருக்கிறது.

மகளுக்கு எட்டு வயது. வாரத்தில் ஒரு நாள்தான் இப்போது மெஷின், மற்ற நாளில் தாத்தாவோ வகுப்பு நண்பர்களோ. தம்பிக்கு மூன்று. தப்பாக அழுத்தினால் கீச்சென்று கத்தும் என்பதை அவன் போன வாரம் கண்டுபிடித்துவிட்டதால், அதைப் பரண்மேல் வைத்திருக்கிறோம்.