அட்டாலிக்குக் கொடுத்த 16 லட்சம்

கோவையில் பழைய மில், பட்டறை, குடோன் ஏதாவது ஒன்றைத் தடுப்புப் போட்டுப் பிரித்து, கீழே தொழில் மேலே குடித்தனம் என்று ‘லாஃப்ட்’ பெயரில் விற்கிறார்களா? முன்பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 16 லட்சம் கட்டினேன். 4 லட்சம் திரும்பி வந்தது. மீதி 12 லட்சத்துக்காக மாதம் இரண்டு முறை வக்கீல் ஆபீஸ் படி ஏறுகிறேன். வழக்கு நடப்பதால் விற்ற ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் எழுத முடியாது. ஆனால் அவர் பேசிய பேச்சை எழுதலாம் என்று வக்கீலே சொல்லிவிட்டார்.

நான் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கிறவள். வாடகை வீட்டு ஹாலில் இரண்டு மெஷின். ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் ஓடினால் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். கீழே வேலை, மேலே குடித்தனம் என்று ஓர் இடம் வாங்கிப் போட வேண்டும், பிற்பாடு வாடகைக்கு விட்டாலும் காசு வரும் என்பது நெடுநாள் கணக்கு. சென்னிமலையில் எங்கள் அப்புச்சி வீட்டில் தறிக்குழி நடுவீட்டிலேயே இருந்தது. அவர் நெய்வதும் அம்மாயி சமைப்பதும் ஒரே கூரைக்கு அடியில்தான். அதனால் ‘குடியிருந்துகொண்டே தொழில் பண்ணுகிற இடம்’ என்று அந்த ஆள் சொன்னபோது, எனக்கு அது வெளிநாட்டுச் சமாச்சாரமாகத் தோன்றவே இல்லை.

இடம், பீளமேட்டுக்கும் கணபதிக்கும் நடுவில் ஒரு சந்து. 32 சென்ட். முதலில் நூல் குடோனாக இருந்து, அப்புறம் பம்ப் பாகங்கள் கடைகிற லேத் பட்டறையாக ஓடி, பூட்டிக் கிடந்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் நான் விழுந்துவிட்டேன், அதை மறைப்பதற்கில்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த கண்ணாடி. பழைய மில்களில் பார்த்திருப்பீர்கள். நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் வரட்டும், நூலின் தரம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். கலர் பார்த்தே பிழைக்கிறவளுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்டினால் போதாதா? தரையில் எண்ணெய்க் கறை, சுவரில் சாக்பீஸில் யாரோ எழுதிய ஷிப்ட் கணக்கு. அதைக்கூட அழிக்காமல் விட்டுவிடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். புத்தி எங்கே இருந்தது பாருங்கள்.

அவர் நன்றாகப் பேசுவார். 1888இல் கோவையில் முதல் மில் வந்தது, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவிநாசி சாலை நெடுக மில்கள் முளைத்தது, இன்றைக்கு மில் இருந்த இடத்தில் மால் நிற்பது, எல்லாம் அவருக்கு விரல்நுனியில். அப்படியே நியூயார்க் போவார். சோஹோ என்ற பகுதியில் காலியான தொழிற்சாலை மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள், இன்று அங்கே ஒரு மாடி என்ன விலை தெரியுமா என்பார். கதை நிஜம்தான். பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். 1960களில் அங்கே குடியேறியவர்கள் சட்டப்படி அங்கே வசிக்கவே கூடாது. 1971இல் விதியை மாற்றிய பிறகுதான், அதுவும் நகராட்சி சான்று கொடுத்த கலைஞர்களுக்கு மட்டும், அனுமதி வந்தது. மற்ற இடங்களில் அப்படிக் குடியிருந்தவர்களைக் காப்பாற்ற 1982இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. தொழில் கட்டடத்தில் வெளிச்சம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, அதனால் வீடு ஆகிவிடாது என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது. பணம் போன பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

மொத்தம் 14 லாஃப்ட். ஒன்று 26 லட்சம். நாம் குடியிருக்க வேண்டாம் என்றால் அவர்களே வாடகைக்கு விட்டு வருடம் 9 சதவீதம் ‘உறுதி வருமானம்’ தருவார்களாம். இந்த வார்த்தையைக் கேட்டதும் கொங்கு நாட்டில் பிறந்த எவரும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். பெருந்துறைப் பக்கம் இதே மாதிரி உறுதி வருமானப் பேச்சை நம்பி ஈமு கோழியில் பணம் போட்டு 2012இல் தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்களில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர். வருடக்கணக்காக அவரை வைத்துச் சிரித்த குடும்பம் எங்களுடையது. நானும் சிரித்தேன். கோழி இல்லையே, கட்டடமாச்சே, கண் எதிரே நிற்கிறதே என்று நினைத்தேன்.

அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவர், “லாஃப்ட்னா என்ன அம்மிணி?” என்றார். இரும்பு உத்திரம் போட்டு மேலே ஒரு தளம், அங்கே படுக்கை, கீழே மெஷின் என்றேன். “அட, அட்டாலி! அட்டாலியில அண்டா குண்டான் வெப்பாங்க. ஆளா குடியிருப்பாங்க?” எனக்குக் கோபம் வந்தது. உடன் வந்த அந்த ஆளோ, “ஏனுங் பெரியம்மா, காலம் மாறிப்போச்சுங்” என்று சிரித்துச் சமாளித்தார்.

இனி நான் கவனிக்காமல் விட்டவை. முதலாவது, வங்கிக் கடன் கிடையாது என்று சொன்னது. “வங்கிக்குப் போனா மூணு மாசம் இழுப்பாங்க மேடம், அதனாலதான் இந்த விலை” என்றார். வீட்டுக்கடன் கொடுக்கிற வங்கி மூலப்பத்திரம் கேட்கும், வரைபட அனுமதி கேட்கும், தன் வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லும். அந்த மூன்று மாத இழுவை உண்மையில் எனக்காக வேறொருவர் செய்கிற சோதனை. கடன் தேவையே இல்லை என்றாலும் ஒரு வங்கியில் விண்ணப்பம் போட்டுப் பார்த்திருந்தால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இரண்டாவது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் செய்ய வேண்டிய பதிவு. பதிவு எண் எங்கே என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. “இது புதுக் கட்டடம் இல்லைங் மேடம், பழசைப் புதுப்பிக்கிறோம். புதுப்பிச்சா ரெரா வேண்டாம்னு சட்டத்துலயே இருக்குது” என்று பிரிவு எண்ணோடு சொன்னார். இருக்கிறதுதான். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3வது பிரிவில் புதுப்பித்தலுக்கு விலக்கு உண்டு. ஆனால் விளம்பரம், விற்பனை, புது ஒதுக்கீடு எதுவும் இல்லாத புதுப்பித்தலுக்கு மட்டும். நம் வீட்டை நாமே இடித்துக் கட்டிக்கொள்கிற மாதிரி. இடம் 500 சதுர மீட்டருக்கு மேல், வீடு எட்டுக்கு மேல் என்றால் பதிவு வேண்டும்; இங்கே 14 வீடு, 32 சென்ட் என்பது கிட்டத்தட்ட 1,300 சதுர மீட்டர். அதே சட்டத்தின் 13வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. 26 லட்சத்தில் 2.6 லட்சம். நான் கொடுத்தது முதலில் 2, அப்புறம் 8, ‘இரும்பு விலை ஏறுது’ என்று அவசரப்படுத்தியதில் இன்னொரு 6. கையில் இருந்த ஒரே காகிதம் 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்திய ‘பங்கேற்பு ஒப்பந்தம்’. விற்பனை என்ற சொல்லே அதில் இல்லை. ‘பயன்பாட்டு உரிமை’ என்று இருந்தது. நிலத்தில் என் பங்கான பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்ற வரியும் இல்லை. படித்தேன், ஆனால் வக்கீலிடம் காட்டவில்லை. 3,000 ரூபாய் கேட்பார் என்று.

எட்டு மாதம் வேலை நடந்த மாதிரி இருந்தது. சில தளங்களுக்கு உத்திரம் ஏற்றினார்கள். என் கணவர் பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறவர், இரும்பைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் வரும். உத்திரத்தின் ஒரு முனையைப் பழைய செங்கல் சுவரில் துளை போட்டுச் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டு, தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் சுவரைச் சாவியால் சுரண்டினார், சுண்ணாம்புச் சாந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. கூரையைத் தாங்கவே கட்டிய சுவர், இதில் ஒரு வீட்டின் எடையைத் தொங்கவிடுகிறீர்களா, தனித் தூண் போட வேண்டும் என்றார். தூண் போட வேண்டிய இடத்தைக் கொத்திப் பார்த்தால் அடியில் லேத் மெஷினின் பழைய கான்கிரீட் மேடை. அதை எடுக்க வேறு எஸ்டிமேட்.

மே மாதம் மேல்தளத்தில் ஏறி நின்றேன். தலைக்கு மேலே கை எட்டும் தூரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. நான் மயங்கிய அந்த வடக்குக் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது! நேர் வெயில் வராது என்று நம்பிய கண்ணாடி. விஷயம் இதுதான்: கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். தரைக்கும் கூரைக்கும் இருபதடி இடைவெளி இருந்த குடோனுக்கு அது பொருட்டில்லை. அட்டாலியில் படுக்கிறவருக்குப் பொருட்டுதான். ஷீட்டில் துளை போட்டால் பறக்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பது தனிக் கவலை. அங்கே வேலை பார்த்த பையன்கள் மூக்கில் கைக்குட்டைகூடக் கட்டவில்லை.

தண்ணீர், மின்சாரம் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவாணித் தண்ணீர் வரும் என்றார், வந்தது போர் உப்புத் தண்ணீர். கரண்டுக்கு மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தொழில் இணைப்பு. இந்த அளவுள்ள கட்டடத்தில் 14 குடித்தனத்துக்குத் தனி மீட்டர் வேண்டுமென்றால் கட்டட நிறைவுச் சான்று கேட்பார்கள். வரைபட அனுமதியே இல்லாத இடத்துக்கு நிறைவுச் சான்று எங்கிருந்து வரும்? நானே திட்டக் குழும அலுவலகத்தில் போய் விசாரித்தேன். முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், அந்த இடம் தொழிற்சாலைப் பகுதி. நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பமே போடவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது. 2024இல் ஒரு நாள் பட்டறை கேட்டில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இடம் அந்த ஆளுடையதே அல்ல. உரிமையாளர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். இவர் அவர்களிடம் 9 வருடக் குத்தகைக்கு எடுத்தவர், அந்தக் குத்தகையும் பதிவு செய்யாதது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர்கள் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். எனக்கு 30 வருட வில்லங்கச் சான்று காட்டப்பட்டது, வில்லங்கம் ஏதுமில்லை என்றுதான் இருந்தது. எந்தத் தேதி வரைக்கும் என்று நான் பார்க்கவில்லை. சான்று 2022 மார்ச்சோடு முடிகிறது. பத்திரம் ஒப்படைத்தது ஆகஸ்டில். நான் பணம் கொடுத்தது 2023இல். பதிவுத்துறை இணையதளத்தில் அன்றைய தேதி வரைக்கும் நானே காசில்லாமல் பார்த்திருக்கலாம். பதிவு செய்யாத அடமானம் இருந்தால் வில்லங்கத்தில் வராது, அதற்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். இதையும் அந்த 3,000 ரூபாய் வக்கீல் சொல்லியிருப்பார்.

அந்த மூவரில் மூத்தவரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், காபி கொடுத்தார். “உங்ககிட்ட அவன் பணம் வாங்குனதே எங்களுக்குத் தெரியாதுங் அம்மிணி. எங்களுக்கும் எட்டு மாச வாடகை பாக்கி” என்றார். நம்பலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்கள் பாட்டுக்குக் கடன் தீர்ப்பாயத்தில் வங்கியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். வங்கி ஏலத்துக்குப் போனால் என் ‘பயன்பாட்டு உரிமை’ காகிதத்துக்கு அங்கே மதிப்பு இல்லை.

பணம் கேட்டபோது முதலில் 4 லட்சம் கொடுத்தார். அப்புறம் 6 லட்சத்துக்கு இரண்டு செக், இரண்டும் திரும்பின. இதில் மட்டும் நான் பிந்தவில்லை. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதைப் பெற்றவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. “அடுத்த வாரம் பேசிக்கலாம் மேடம்” என்று அவர் இழுத்ததே அந்த 30 நாளைக் கடத்தத்தான் என்று வக்கீல் சொன்னார். என்னைப் போலவே பணம் கட்டியவர்களில் மூன்று பேர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கெடுவைத் தவறவிட்டார்கள். ரெராவிலும் புகார் கொடுத்திருக்கிறேன், பதிவு செய்யாத திட்டம் என்றாலும் எடுத்துக்கொள்கிறார்கள். உறுதி வருமானம் சொல்லிப் பணம் வாங்கியதால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். அங்கே வராண்டாவில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், “உங்களுக்கு எதுலீங்? எனக்கு ஈமுவுல” என்றார். பெரியப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் தோழி ஒருத்தி ஒரு விளம்பரம் அனுப்பி, நல்லா இருக்கே, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். அதே இரும்புப் படிக்கட்டு, அதே வடக்குக் கண்ணாடி, சுவரில் அதே சாக்பீஸ் கணக்கு. இடம் மட்டும் சிங்காநல்லூர் என்று இருந்தது. ஒன்றின் விலை 29 லட்சம்.