கறுப்பு மேலங்கியில் வெள்ளிப் பொடி: உலோக வர்ணத்துடன் நான்கு ஆண்டுகள்

மினியேச்சர் உருவங்களுக்கு வர்ணம் தீட்டப் புதிதாகத் தொடங்கியிருக்கும் வெள்ளவத்தை நண்பர் ஒருவர், உலோக வர்ணம் வாங்கலாமா என்று கடந்த கிழமை கேட்டார். நான்கு ஆண்டுகளாக ஒரே வெள்ளி வர்ணத்தை, வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் சிறு பொம்மை வீரர்களின் கவசங்களுக்குப் பூசி வருகிறேன். தொலைபேசியில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொட்டு மூடியுள்ள இந்தப் போத்தல் இதுவரை ஒருமுறைகூட அடைத்துக்கொண்டதில்லை. நன்றாகக் குலுக்கிவிட்டால், கறுப்பு அடிப்பூச்சின் மேல் ஒரே பூச்சில் மூடும். அதன்மேல் கரும்பழுப்பு வாஷ் (நீர்த்த வர்ணம்) ஒன்றை இடுக்குகளில் இறங்கவிட்டால், பிளாஸ்ரிக் துப்பாக்கி எண்ணெய் படிந்த இரும்பாகவே மாறிவிடும்.

என் எரிச்சல் அதன் மைக்காத் துகள்களில் இருக்கிறது. மினுக்கத்தைத் தருவதும் அவைதான். தூரிகை கழுவிய நீரில் மிதந்து, அடுத்து எடுக்கும் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதும் அவைதான். தனிக் கோப்பை, தனித் தூரிகை, தனித் தட்டு என்று வைத்தும் தப்ப முடியவில்லை. என் படைத்தலைவனின் மேலங்கி, நீலமும் மஞ்சளுமான எபொக்சிப் புட்டியைப் பிசைந்து, கொழும்பு வெக்கையில் அது இறுகுவதற்குள் நானே வனைந்தது. மூன்று கிழமை செலவிட்டுக் கறுப்பின்மேல் நீலச் சாயல் ஏற்றி முடித்தபின் விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், வலது தோளெங்கும் வெள்ளிப் பொடி.

அந்த மேலங்கியை நான் இரண்டு தடவை வனைய வேண்டியிருந்தது. முதல் தடவை, துணியின் மடிப்புகளை உள்ளது உள்ளபடி மெல்லியதாகச் செய்தேன். அடிப்பூச்சிலேயே அவை மறைந்துவிட்டன. 28 மில்லிமீற்றர் உயரமுள்ள வீரன் உண்மை மனிதனில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்குதான். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள துணி அவன்மீது 0.03 மில்லிமீற்றராகிவிடும், வர்ணப் பூச்சே அதை விழுங்கிவிடும். மடிப்புகளை ஆழமாக்கி, விளிம்புகளைத் தடிப்பாக்கிய பின்னரே அது துணியாகத் தெரிந்தது.

உலோக வர்ணத்தின் சிக்கலும் இதுவே. உருவம் சிறுத்தாலும் அறையின் வெளிச்சம் சிறுப்பதில்லை. ஆகவே உண்மையான மினுக்கம் கவசம் முழுவதும் ஒரே சாம்பலாகப் பரவி, ஆடும் மேசையில் வீரனின் வடிவத்தையே அழித்துவிடுகிறது. சாதாரணச் சாம்பலும் வெள்ளையும் கொண்டு ஒளியையும் நிழலையும் மிகைப்படுத்தித் தீட்டினால், அதே கவசம் தூரத்திலிருந்தும் எஃகாகத் தெரிகிறது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு இது புதிதாக இராது. 20 மீற்றர் தொலைவிலுள்ள 1 மீற்றர் சிலையும் 56 சென்ரிமீற்றர் தொலைவிலுள்ள என் வீரனும் கண்ணுக்கு ஒரே அளவுதான். அங்கே சிற்பி கண்களைப் பெரிதாக்கிப் புருவத்தைக் கறுப்பால் அழுத்தியிருப்பது, அத்தூரத்திலும் முகம் முகமாகத் தெரிவதற்காகவே.

தேய்ந்த துப்பாக்கி முனைக்கும் இயந்திரக் குழாய்களுக்கும் இந்த வர்ணத்தைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை. ஆயினும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். ஐந்துக்கு இரண்டு புள்ளிதான் தருவேன். வரும் போயா விடுமுறையில் அந்த வலது தோளை மீண்டும் அடிப்பூச்சிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.