ஆஸ்திரேலியா: 190 விசாவா, 491 விசாவா?

இரண்டும் தொழில்திறன் உள்ளவர்கள் குடியேறுவதற்கான விசாக்கள்; நுழைவாயில் ஒன்றுதான். 45 வயதுக்குள் இருக்க வேண்டும், தொழில்திறன் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளிகள் தேவை. ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம்.

வேறுபாடு அழைப்புக்குப் பிறகு தெரியும். 190 கிடைத்த நாளிலிருந்தே நிரந்தர வசிப்பு அனுமதி; மாநிலப் பரிந்துரைக்கு 5 புள்ளி மட்டும். 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா, ஆனால் 15 புள்ளி தருகிறது. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களில் குடியிருக்க முடியாது. பெர்த், அடிலெய்டு தாராளமாக முடியும். 3 ஆண்டுகள் கழித்து, 491-இல் இருப்பவர்களுக்கான நிரந்தர விசாவான 191-க்கு விண்ணப்பிக்கும்போது மூன்று ஆண்டு வருமான வரி மதிப்பீடுகளைக் காட்ட வேண்டும். அதற்கு முன் 189 (மாநிலப் பரிந்துரை தேவைப்படாத நிரந்தர விசா), 190 பக்கம் தாவவும் வழியில்லை. கையெழுத்திடும் முன் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது வேலை அனுபவக் கணக்கில். மதிப்பீட்டு அமைப்பு முதல் சில ஆண்டுகளைத் தகுதிக்காகக் கழித்துவிட்டால், மீதி ஆண்டுகளுக்கே புள்ளி. முழு அனுபவத்தையும் போட்டு அழைப்பு வாங்கினால் விசா மறுக்கப்படும், கட்டிய கட்டணமும் திரும்பாது. வயதுப் புள்ளியும் அழைப்பு நாளை வைத்தே: 25 முதல் 32 வயது வரை 30, 33 பிறந்ததும் 25.

ஐஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 என்றால் 10 புள்ளி, 8 என்றால் 20. 190 நோக்கி இதைவிட மலிவான வழி கிடையாது. வயது நெருக்கினால் 491-ஐத் தயங்காமல் எடுங்கள்.