பிரிக்பீல்ட்ஸ் தீர்ப்பு வாசிப்பு வகுப்பு: ஒரு மதிப்புரை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடைபெறும் மாலை வகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. சட்டம் படிக்காதவர்களுக்காக நீதிமன்றத் தீர்ப்புகளைப் பத்தி பத்தியாக வாசித்துத் தமிழில் விளக்குகிறார்கள். கோலாலம்பூரில் சட்ட ஆலோசனை முகாம்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் அடையாள ஆவணம், வாடகை, மணமுறிவு என்று அவரவர் சிக்கலுக்கு வழி சொல்வன. ஒரு தீர்ப்பு வந்த பின் அரசின் கொள்கை எவ்வாறு நகர்கிறது, அல்லது நகராமலே நின்றுவிடுகிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லித்தரும் வகுப்பைத் தமிழில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் பாடமாகத் தாய்மொழிப் பள்ளி வழக்கை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. தமிழையும் சீனத்தையும் பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளிகள் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 152ஆவது பிரிவுக்கு முரணானவை என்ற வாதத்தை, 2021 டிசம்பர் 29ஆம் நாள் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கசாலி தள்ளுபடி செய்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். என்ன காரணத்தால் தள்ளுபடி செய்தார் என்று கேட்டால் திணறுவோம். அந்தப் பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக நிறுவுவதோடு, அலுவல் நோக்கம் அல்லாதவற்றுக்கு வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், எம்மொழியையும் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. பொது அதிகார அமைப்பின், அதாவது அரசு அல்லது சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்பின், நோக்கமும் அலுவல் நோக்கத்தில் அடங்கும். எனவே, பள்ளி ஒரு பொது அதிகார அமைப்பா என்பதே கேள்வி. சீன மொழியைப் பயிற்று மொழியாகக் கொள்ளவிருந்த மெர்டேக்கா பல்கலைக்கழகம் அத்தகைய அமைப்பே என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியிருந்தது மனுதாரர்களுக்குப் பெரும் பலம். தாய்மொழிப் பள்ளிகள் அப்படிப்பட்டவை அல்ல என்று உயர் நீதிமன்றம் வேறுபடுத்திக் காட்டிய இடத்தை விளக்குவதற்கே ஆசிரியர் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டார். அது வீண்போகவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அம்முடிவை உறுதிசெய்ததையும், 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்ததையும் சொல்லிவிட்டு, வகுப்பின் உற்சாகத்தைச் சற்று அடக்கும் ஒரு கருத்தையும் அவர் வைத்தார். இப்பள்ளிகள் இருப்பது அரசியலமைப்புக்கு முரணன்று என்பதே தீர்ப்பு. புதிய தமிழ்ப்பள்ளி கட்டித் தரவேண்டும் என்றோ, மாணவர் குறைந்த பள்ளியைக் காக்கவேண்டும் என்றோ அது அரசுக்குக் கட்டளையிடவில்லை. மேடைகளில் இதைச் சொல்பவரை நான் கண்டதில்லை.

குடியுரிமை வழக்கு நடத்தப்பட்ட விதம் அதனினும் சிறப்பு. வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் தொடுத்த வழக்கில், யார் குடிமகன் என்பதைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ள 'தந்தை' என்பதைப் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 8(2)ஆவது பிரிவோடு இணக்கமாகப் படித்தால் தாயும் அதில் அடங்குவார் என்று 2021 செப்டம்பரில் நீதிபதி அக்தார் தாஹிர் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. பெரும்பாலான விளக்கங்கள் இங்கே வருத்தம் தெரிவித்துவிட்டு முடிந்துவிடும். இவ்வகுப்போ பெரும்பான்மை நீதிபதிகளின் நியாயத்தையும், அதாவது அரசியலமைப்பின் சொல்லை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதையும், குறைக்காமல் எடுத்துரைத்தது. அதன் பிறகு 2024 அக்டோபரில் தாய்வழியும் குடியுரிமை கிடைக்கச் செய்யும் சட்டத்திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியபோது, மேல்முறையீட்டில் கவிழ்ந்த தீர்ப்புகூட ஒரு கொள்கையை எந்த அளவுக்கு உந்தித் தள்ளமுடியும் என்பது விளங்கியது. திருத்தம் முன்தேதியிட்டுப் பொருந்தாததால், ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

கருவுற்றிருந்த காரணத்தால் தற்காலிக ஆசிரியர் பணியை இழந்த நூர்ஃபடிலாவின் வழக்கு (ஷா ஆலாம் உயர் நீதிமன்றம், 2011) சுருக்கமாகவே வந்துபோனது. அதற்கு அது போதும். இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்குதான் ஏமாற்றம் தந்தது. பிள்ளைகளை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை என்று 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகக் கூறிய அத்தீர்ப்பு, நீதித்துறை அதிகாரத்தின் எல்லையைப் பற்றியும் ஆழமாகப் பேசுகிறது. ஆனால் வகுப்பில் ஆதங்கப் பேச்சு மிகுந்து, தீர்ப்பின் வாசகம் பின்னுக்குப் போய்விட்டது. தந்தை கொண்டுசென்ற இளைய மகளுக்காகத் தாய் கொண்ட ஆதங்கம் நியாயமானதே. நீதிமன்ற உத்தரவும் அதன் அமலாக்கமும் வேறு வேறு என்ற பாடத்தை அதை வைத்தே நிதானமாக நடத்தியிருக்கலாம்.

என் பெரிய குறை, பூர்வகுடி நில வழக்கைக் கடைசி நிமிடங்களில் திணித்தது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் பறிபோன தெமுவான் மக்களுக்கு, அவர்களது வழக்காற்று நில உரிமையை ஏற்று இழப்பீடு வழங்கச் சொன்ன 2002ஆம் ஆண்டின் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் மிகுந்த நம் சமூகத்துக்கு ஒரு முழு மாலையைக் கோருவது. தலைமுறைகளாக வாழ்ந்தும் தோட்டத் தொழிலாளர்களுக்கு அதே வாதம் ஏன் கைகொடுப்பதில்லை என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். முதலாளியின் நிலத்தில் வேலை நிமித்தம் குடியிருப்பதும் மூதாதையர் நிலத்தில் வழக்காற்றின்படி வாழ்வதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்று ஒரே வாக்கியத்தில் விடை வந்தது. விடை சரிதான், நேரம்தான் போதவில்லை.

அரசு முடிவொன்றை எதிர்த்து நீதித்துறைச் சீராய்வு கோருவோர் மூன்று மாதத்துக்குள் மனு செய்யவேண்டும் என்ற விதியை ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டுகிறார்கள். அது ஒன்றுக்காகவே குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆள் அனுப்பலாம். சொந்த வழக்குக்கு ஆலோசனை தேடுவோர் இங்கு வரவேண்டாம்; அதற்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. மாடிப்படி செங்குத்தானது, மின்தூக்கி இல்லை. முதியவர்களை அழைத்து வருவோர் யோசித்து வரவும். மாலையில் கார் நிறுத்த இடம் தேடுவதைவிட கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடப்பது எளிது. வகுப்பில் தரும் அச்சுத்தாள்களில் தீர்ப்பின் பத்தி எண்கள் விடுபட்டுள்ளன. மூலத் தீர்ப்பைத் தேடிப் படிக்க விரும்புவோருக்காக அடுத்த சுற்றுக்குள் அவற்றையாவது சேர்த்துவிடவேண்டும்.